கேய்ட் திரும்பி வந்திருக்கிறான்

மதுரை
18-8-2024

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை இருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்தது. இப்போது சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடக்கிறார். உன் மகள் சீருடையில் நிற்கும் படத்தைக் காட்டினேன். "அப்படியே அவங்க அப்பத்தா சாடை" என்று சொல்லி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

"இன்னும் அந்த டெஸ்டினி வீடியோ கேமைத்தான் ஆடுகிறாயா?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். ஆமாம், அதையேதான். ஆனால் இந்த முறை உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 2014 செப்டம்பரில் வடபழனி அறையில் ஒரே பிஎஸ்4-ஐ வைத்துக்கொண்டு நீ ஒரு மணி நேரம், நான் ஒரு மணி நேரம் என்று முறை போட்டு ஆடினோமே, அந்தக் கதை முடிந்துவிட்டது. கடைசிப் பாகத்துக்கு தி ஃபைனல் ஷேப் என்று பெயர். பிப்ரவரி கடைசியில் வர வேண்டியது, தள்ளிப்போய் ஜூன் 4 அன்று வந்தது. நம் ஊர் நேரப்படி இரவு பத்தரை மணி. மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் உனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: அந்த ஆட்டத்தில் உனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம், நம் கேய்ட், திரும்பி வந்திருக்கிறான்.

2018-இல் ஃபர்சேக்கன் பாகம் வந்தபோது, அந்தச் சிறைக்குள் இளவரசன் உல்ட்ரன் அவனைச் சுட்டதைப் பார்த்துவிட்டு நீ கன்ட்ரோலரைக் கீழே வைத்தாய். "இவன் இல்லாம டவருக்குப் போய் என்ன பண்றது" என்றாய். டவர்தானே ஆட்டத்தில் நாம் எல்லோரும் கூடும் இடம். அடுத்த மாதம் துபாய் வேலை வந்தது, போய்விட்டாய். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கதையில் உல்ட்ரனும் செத்தான். செத்தவனை ஒரு கோஸ்ட், மிதந்து திரியுமே அந்தக் குட்டி இயந்திரம், தேடிப் பிடித்து உயிர்ப்பித்தது. பழைய நினைவு ஒன்றும் இல்லாமல், க்ரோ என்ற பெயரோடு, நம்மைப் போலவே ஒரு கார்டியன் வீரனாக எழுந்தான். தான் யாராக இருந்தோம் என்று அவனுக்குத் தெரியவந்தது மெதுவாக, வருடக்கணக்கில். இப்போது தி ஃபைனல் ஷேப்பில் கேய்ட்டும் அவனும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். கொன்றவனும் கொல்லப்பட்டவனும். நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நடிகர் நேதன் ஃபிலியனே கேய்ட்டுக்கு மறுபடி குரல் கொடுத்திருக்கிறார். அதே விளையாட்டுத்தனம், ஆனால் இடையிடையே ஒரு களைப்பு. கேய்ட்டுக்கு எதற்காகத் தன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்றே குழப்பம். அவன் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டவன் இல்லையா. செத்தவர்களைத் திரும்பக் கொண்டுவரும் கதைகள் எனக்குப் பிடிக்காது. அந்தச் சாவுக்கு நாம் பட்ட துக்கத்தை அவை செல்லாக்காசாக்கிவிடும். இதில் அப்படி ஆகவில்லை. அவன் போயிருக்க வேண்டியவன் என்பதைக் கதை ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. முடிவைச் சொல்ல மாட்டேன். நீயே பார்க்க வேண்டும்.

ஆட்டம் நடக்கும் இடம் டிராவலருக்குள்ளேயே. நகரத்துக்கு மேலே அசையாமல் மிதந்துகொண்டிருக்குமே அந்த வெள்ளை உருண்டை, அதன் உள்ளே போகிறோம். பேல் ஹார்ட் என்கிறார்கள். அங்கே நிலமே நினைவுகளால் ஆனது. முதலில் புல்வெளி, பூ, அருவி. திடீரென்று பார்த்தால் நம் பழைய டவர், இடிந்துபோய், கொடி படர்ந்து நிற்கிறது. முதல் ஆட்டத்தில் நாம் சாமான் மாற்றவும் சும்மா பந்து உதைக்கவும் போன அதே முற்றம். அங்கே நான் சுடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். உள்ளே போகப் போக நிலம் கெட்டுப்போகிறது. பாறையில் கைகளும் முகங்களும் முளைக்கின்றன. விட்னஸ் என்ற எதிரி, ஒரு இனம் முழுவதும் சேர்ந்து ஒரே உருவமானது. எல்லா உயிரையும் அசையாத சிலையாக உறைய வைப்பதுதான் அது தேடும் கடைசி வடிவம். இந்த விஷயத்தை வசனத்தில் கேட்டபோது எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. விட்னஸ் பேசும்போதெல்லாம் கொஞ்சம் நீளம்தான். அந்த நிலத்தில் நடந்தபோதுதான் புரிந்தது.

எதிரிகளிலும் புதுக் கூட்டம் இருக்கிறது, ட்ரெட் என்று. பல வருடமாக அதே ஃபாலன், அதே ஹைவ் என்று கை பழகிப்போயிருந்தது. இவர்கள் அந்தப் பழக்கத்தை உடைக்கிறார்கள். ஹஸ்க் என்று ஒருவன் ஓடி வருவான். அவனை உடம்பில் கண்டபடி சுட்டுக் கொன்றால் உள்ளிருந்து ஒரு பூச்சி போன்ற ஆவி கிளம்பி உன்னைத் துரத்தும். குறி பார்த்து அவன் பலவீனமான இடத்தில் அடித்து முடித்தால் அது வராது. வீவர் தூரத்திலிருந்து நூல் போட்டு உன்னை மறைவிலிருந்து வெளியே இழுத்துவிடுவான். லெஜண்டரி என்ற கடினமான நிலையில் ஆடினால் ஒளிந்து நிற்க இடமே இல்லை.

அதற்கு ஈடாக நம் கையிலும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்: பிரிஸ்மாட்டிக். நீ ஆடிய காலத்தில் ஆர்க், சோலார், வாய்ட் என்று மூன்று சக்திகள்தான். பிறகு ஸ்டாஸிஸ், ஸ்ட்ராண்ட் என்று இருளின் பக்கத்திலிருந்து இரண்டு சேர்ந்தன. இப்போது ஐந்திலிருந்தும் எடுத்து ஒரே தொகுப்பில் கலந்துகொள்ளலாம். ஒளியால் அடித்தால் ஒரு கோடு நிறையும், இருளால் அடித்தால் இன்னொன்று. இரண்டும் நிறைந்ததும் அழுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு உடம்பே வேறு மாதிரி: க்ரெனேட் மறுபடி மறுபடி கிடைக்கும், அடி பலமாக விழும். நான் அதே வார்லாக் வகை வீரன்தான், மாறவில்லை. ஆனால் உன் வகையான டைட்டன்களைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவு. அவர்களுக்குப் புதிதாக ஒரு சூப்பர், அதாவது பெரிய தாக்குதல், வந்திருக்கிறது, ட்வைலைட் ஆர்சனல். ஊதா நிறக் கோடரிகளை எறிவது. எறிந்த கோடரி தரையில் கிடக்கும், கூட ஆடுபவனும் எடுத்து வீசலாம். இது உனக்காகவே செய்தது போல இருக்கிறது, எப்போதும் எனக்குத் தோட்டாவை விட்டுக்கொடுத்தவன் நீதானே.

தளபதி சவாலாவைப் பற்றி எழுத வேண்டும். அவருக்குக் குரல் கொடுத்த நடிகர் லான்ஸ் ரெடிக் 2023 மார்ச் 17 அன்று இறந்துபோனார். செய்தி வந்த அன்று நான் ஆட்டத்துக்குள் போனேன். டவரில் சவாலா நிற்குமிடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று சல்யூட் வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஏற்பாடு செய்ததில்லை. ஒருவன் போனால் இன்னொருவன் வந்து நின்றான். ரெடிக் குரல் மட்டும் கொடுத்தவரில்லை, தானே உட்கார்ந்து இந்த ஆட்டத்தை ஆடியவர். அதனால் அவரை எங்களில் ஒருவராகவே நினைத்தோம். இப்போது கீத் டேவிட் பேசுகிறார். முதல் இரண்டு வசனத்துக்கு என் காது பழைய குரலைத் தேடியது. அப்புறம் தேடவில்லை. காரணம், இந்தக் கதையின் பாரம் முழுக்க சவாலாவின் தலையில்தான் வைத்திருக்கிறார்கள். மனைவியையும் மகனையும் இழந்த மனிதர், இத்தனை காலம் டிராவலரை நம்பி நின்றவர், அதன் உள்ளேயே வந்து, கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் நம்பிக்கை இழக்கிறார். கோபத்தில் ஒரு தப்பு செய்கிறார். அதற்கு அவர் கொடுக்கும் விலை பெரியது. அப்பா போன வருடம் நானும் மீனாட்சி கோயிலுக்குப் போகவில்லை, உனக்குத் தெரியும். சவாலா வானத்தைப் பார்த்துக் கேட்கும் அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

சரி, ரெய்டுக்கு வருகிறேன், ஆறு பேர் சேர்ந்து ஆடும் பெரிய சவால். இதன் பெயர் சால்வேஷன்ஸ் எட்ஜ். ஜூன் 7, வெள்ளி இரவு பத்தரைக்குத் திறந்தது. உலகத்தில் முதலில் முடிப்பது யார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தூங்கி எழுந்து, காலை டிபன் முடித்து, மதியம் அம்மாவுக்கு மருந்து வாங்கிவந்தும் யாரும் முடித்திருக்கவில்லை. ஏறத்தாழ 19 மணி நேரம் ஆனது முதல் அணிக்கு. அவர்கள் முடித்த பிறகுதான் கதையின் கடைசிக் கட்டம் மற்றவர்களுக்குத் திறந்தது. ஆறு பேர் ஜெயிக்கும்வரை உலகம் முழுக்கக் காத்திருந்தோம்.

எங்கள் ஆறு பேருக்கு அது ஒன்றரை மாதம் ஆனது. நான்காம் கட்டம், வெரிட்டி என்று பெயர், அங்கேயே நான்கு இரவு போனது. அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆறு பேரில் மூன்று பேரைத் தனித்தனி அறைக்குள் இழுத்துவிடும். ஒருவர் இன்னொருவரைப் பார்க்க முடியாது. அறையில் மூன்று சிலைகள், வட்டம், சதுரம், முக்கோணம் ஏந்தி நிற்கும். உன் சிலை எந்த வடிவத்தை ஏந்தியிருக்கிறதோ அதைத் தவிர்த்த மற்ற இரண்டும் உன்னிடம் வந்து சேர வேண்டும். உன்னிடம் இருப்பதை நீ மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். வெளியே இருக்கும் மூன்று பேர், தங்கள் எதிரே உள்ள சிலைகளின் கன வடிவங்களைப் பிரித்து மாற்றிப்போட வேண்டும். வட்டமும் சதுரமும் சேர்ந்தால் உருளை. வட்டமும் முக்கோணமும் கூம்பு. சதுரமும் முக்கோணமும் முப்பட்டகம்.

மாப்ள, இது நம் பத்தாம் வகுப்பு அளவியல் பாடம்! எங்கள் அணியில் நான்கு பேர் தமிழ், ஒருவர் புனே, ஒருவர் கொச்சி. முதல் இரண்டு இரவு இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிக் குழம்பினோம். அவசரத்தில் எல்லாப் பெயரும் ஒன்றாகக் கேட்டது. மூன்றாம் இரவு ஒருவன் பதற்றத்தில் "எனக்குக் கூம்பு, எனக்குக் கூம்பு" என்று கத்தினான். மற்ற மூவருக்கும் அந்த நொடியே புரிந்தது. அதன்பிறகு கூம்பு, உருளை என்பதே எங்கள் அணியின் பேச்சாகிவிட்டது. புனேக்காரரும் கற்றுக்கொண்டார். நான்காம் இரவு, விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, நான் தனி அறையில் நின்று கடைசி வடிவத்தை அனுப்பிவிட்டு சுவரைப் பார்த்தேன். அதைக் கண்ணாடி போல ஊடுருவி வெளியே வந்தேன். மற்ற இருவரும் அதே நேரத்தில் வெளியே வந்தார்கள். ஹெட்செட்டில் யாரும் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஆறு பேரும் ஒன்றாகக் கத்தினோம். அம்மா எழுந்துவந்து என்னவென்று கேட்டார்.

விட்னஸ் என்பது எல்லோரையும் ஒரே உருவமாக நசுக்கியது. அதன் கோட்டையைத் தாண்ட வேண்டுமானால், ஒருவரையொருவர் பார்க்காத மூன்று பேர், தன்னிடம் இருப்பதை அடுத்தவனுக்குக் கொடுத்துத்தான் வெளியே வர முடியும். இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். பத்து வருடக் கதைக்கு இதைவிடச் சரியான கடைசிப் புதிர் எனக்குத் தோன்றவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இன்றைக்குப் புதிதாக வருகிறவனுக்கு இதில் பாதி புரியாது. நாம் ஆடிய ரெட் வார் கதை 2020 நவம்பரிலும், ஃபர்சேக்கன் கதை 2022 பிப்ரவரியிலும் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. நினைவுக்காக ஓரிரு கட்டங்களை மட்டும் பிறகு திருப்பி வைத்தார்கள். கேய்ட் யார் என்று தெரியாதவனிடம் போய் அவன் வந்துவிட்டான் என்றால் அவனுக்கு என்ன ஆகும்? அது எனக்கு உறுத்துகிறது. ரெய்டு முடிந்த பிறகு வாரவாரம் வரும் எக்கோஸ் கதையும் இழுவை.

அதைவிட மனதைப் பிசைந்தது வேறு. ஜூலை 31 அன்று, இந்த ஆட்டத்தை உருவாக்கிய பங்கீ நிறுவனம் 220 பேரை, தன் ஆட்களில் 17 சதவீதத்தை, வேலையை விட்டு அனுப்பியது. போன அக்டோபரிலும் ஏறத்தாழ நூறு பேர் போனார்கள். ஆரம்ப காலத்திலிருந்து இசை அமைத்த மைக்கேல் சால்வடோரியும் அதில் ஒருவர். இவ்வளவு நல்லதொன்றைச் செய்து முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த நினைவுநிலத்தில் ஒவ்வொரு பாறையையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அவர்களில் யார் யார் இன்று வேலை தேடுகிறார்களோ என்று உள்ளே நடக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

இப்போது நான் உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். பேல் ஹார்ட்டில் ட்யூவல் டெஸ்டினி என்று ஒரு மிஷன் இருக்கிறது. சரியாக இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் ஒளியின் பக்கம், ஒருவர் இருளின் பக்கம். கடிகாரத்தில் தெரியும் குறியை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அணியில் எல்லோரும் ஜோடி போட்டு முடித்துவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் இன்னும் போகவில்லை.

உன் டைட்டன் அப்படியே இருக்கிறான், கணக்கு அழியவில்லை. பழைய பிஎஸ்4-லேயே ஓடும். நூறு ஜிபிக்கு மேல் இறக்க வேண்டியிருக்கும், அதனால் இன்றே தொடங்கிவிடு. முதலில் கதையை முடிக்க வேண்டும். அதற்கும் நான் கூட வருகிறேன். பேல் ஹார்ட் முழுக்கச் சுற்றித் தேடினால் குவோஸ்டோவ் கிடைக்கும். ஞாபகம் இருக்கிறதா, காஸ்மோட்ரோமில் நாம் முதன்முதலில் எடுத்த அந்தத் துப்பாக்கி? அதை இப்போது எக்ஸாடிக் என்ற அரிய ரகமாக ஆக்கியிருக்கிறார்கள். உனக்கு எடுத்துக்காட்டுகிறேன்.

வரும் சனிக்கிழமை. குழந்தை தூங்கிய பிறகு, உனக்கு ஒன்பது மணி, எனக்குப் பத்தரை. டவர் முற்றத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் வடபழனி அறைத்தோழன்