லாம்ப்ரே மூளையில் காபாவைத் தேடப்போகும் மதிக்கு

அன்புள்ள மதி,

கடல் லாம்ப்ரேயின் மூளையில் ஜிஎன்ஆர்எச் (இனப்பெருக்கத்தைத் தூண்டும் மூளை ஹார்மோன்) நியூரான்களையும் காபா (நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் மூலக்கூறு) நியூரான்களையும் ஒரே மெல்லிய திசு செக்‌ஷனில் காட்டப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. தாடையில்லாத இந்த மீனின் வம்சம் மற்ற முதுகெலும்பிகளிடமிருந்து பிரிந்து ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இனப்பெருக்கத்தை மூளை நடத்தும் ஏற்பாட்டில் எது பழையது, எது பிறகு சேர்ந்தது என்று கேட்க இதைவிட நல்ல விலங்கு அதிகம் இல்லை. ஆனால் இரண்டு நிறங்கள் அருகருகே தெரிந்ததும் ‘இது அதைக் கட்டுப்படுத்துகிறது’ என்று எழுதக் கை துடிக்கும். அப்படி எழுதும்முன் உன் ஸ்லைடு எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

முதலில் ஆன்டிபாடி, அதாவது தேடும் மூலக்கூறைப் பிடித்து நிறத்தால் காட்ட உதவும் புரதம். கடல் லாம்ப்ரேயில் மூன்று ஜிஎன்ஆர்எச் உண்டு. ஒன்றாம் வகை 1986-இலும், மூன்றாம் வகை 1993-இலும், இரண்டாம் வகை 2008-இலும் வெளியாயின. மூன்றும் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுகள் (சிறு புரதத் துண்டுகள்). ஒன்றாம் வகையும் மூன்றாம் வகையும் 3, 5, 6 ஆகிய இடங்களில் மட்டுமே வேறுபடுகின்றன. இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் 6, 8 ஆகிய இரண்டே இடங்களில். அதனால் மூன்றுக்கும் பொதுவான வால்முனையைப் பிடிக்கும் ஆன்டிபாடி எதையும் பிரித்துக் காட்டாது. ஒவ்வொரு ஆன்டிசீரத்தையும் (ஆன்டிபாடி உள்ள சீரம்) நீர்த்த நிலையில் மூன்று குழாய்களாகப் பிரி. மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் வீதம் ஒன்றில் முதல் வகைப் பெப்டைடு, அடுத்ததில் இரண்டாவது, கடைசியில் மூன்றாவது சேர்த்து இரவு முழுக்க 4 டிகிரியில் வை. சொந்தப் பெப்டைடு சேர்த்த குழாயில் மட்டும் நிறம் மறைந்தால்தான் அந்த ஆன்டிபாடியை நம்பலாம். மூன்றிலும் மறைந்தால் ‘ஜிஎன்ஆர்எச் நியூரான்’ என்று மட்டும் எழுது, வகை எண் போடாதே.

அடுத்தது உடற்கூறு. லாம்ப்ரேக்கு மீடியன் எமினென்ஸ் (மூளை ஹார்மோன் பிட்யூட்டரிக்குப் போகும் ரத்தத்தில் இறங்கும் இடம்) கிடையாது. முன்மூளையின் பிரீஆப்டிக் பகுதியிலிருந்து வரும் நார்கள் நியூரோஹைப்போஃபைசிஸில் (பிட்யூட்டரியின் நரம்புப் பகுதி) முடிகின்றன. அங்கிருந்து ஹார்மோன் இணைப்புத் திசுவின் வழியே பரவித்தான் கீழே ஒட்டியிருக்கும் அடினோஹைப்போஃபைசிஸை (பிட்யூட்டரியின் சுரப்பிப் பகுதி) சேர்கிறது. எனவே மூளையை மட்டும் உருவி எடுத்தால் நீ பார்க்க வேண்டிய இடமே குருத்தெலும்பில் ஒட்டிக்கொண்டு போய்விடும். லாம்ப்ரேக்கு எலும்பே கிடையாது, சுண்ணாம்பு நீக்கும் வேலையும் இல்லை. லார்வாவின் தலையை அப்படியே வெட்டலாம். வளர்ந்ததில் அடிக்குருத்தோடு சேர்த்து எடு. மயக்க மருந்து எம்எஸ்-222-ஐ சோடியம் பைகார்பனேட்டால் சமன்செய்துவிட்டுக் கொடு. வெறுமனே கரைத்தால் நீர் அமிலமாகி விலங்கு தவிக்கும், அழுத்தத்தின் சாயலும் உன் முடிவில் ஏறும்.

இனி உண்மையான சிக்கல். காபா மிகச் சிறிய மூலக்கூறு. திசுவை நிலைநிறுத்தப் பாராஃபார்மால்டிஹைடு மட்டும் போட்டால் பெரும்பகுதி கழுவலில் போய்விடும். காபா ஆன்டிபாடிகளும் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடால் புரதத்தோடு பிணைத்த காபாவுக்கு எதிராக உருவாக்கப்பட்டவை. ஆகவே அவற்றுக்குக் குளூட்டரால்டிஹைடு கலந்த நிலைநிறுத்தி வேண்டும். ஆனால் அதே குளூட்டரால்டிஹைடு பின்புல ஒளிர்வைக் கூட்டும், ஜிஎன்ஆர்எச் நிறத்தை மங்கவைக்கும், ஆர்என்ஏ புரோப் (தேடும் ஆர்என்ஏவில் ஒட்டி அதைக் காட்டும் துண்டு) உள்ளே போகவும் தடையாகும். என் யோசனை: காபாவையே தேடாமல் அதைத் தயாரிக்கும் ஜிஏடி நொதியின் ஆர்என்ஏவைத் தேடு. 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு, 4 டிகிரியில் ஓர் இரவு; பிறகு 30 சதவீதச் சுக்ரோஸில் திசு அடியில் அமிழும்வரை; கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவை வெட்டும் கருவி) 16 முதல் 20 மைக்ரான் தடிமன். லாம்ப்ரே மூளையில் மைலின் இல்லை, வெளிச்சம் நன்றாக ஊடுருவும். திசு மென்மையானது என்பதால் பூச்சுள்ள ஸ்லைடில் ஒட்டி நன்றாகக் காயவிடு, இல்லாவிட்டால் சூடான கழுவலில் உரிந்துபோகும்.

புரோப் 300 முதல் 800 பேஸ் நீளம் போதும். லாம்ப்ரேயின் மரபணுக்களில் ஜி, சி விகிதம் அதிகம். 2013-இல் ஜீனோம் வெளிவந்தபோது தெளிவாகத் தெரிந்தது அது. அதனால் மற்ற மீன்களுக்கு வழக்கமான வெப்பநிலையில் புரோப் கண்ட இடத்திலும் ஒட்டி, எல்லாச் செல்லும் ஊதாவாகத் தெரியும். 50 சதவீத ஃபார்மமைடில் 60 டிகிரியில் தொடங்கு, பின்புலம் மிஞ்சினால் 65-க்கு ஏற்று, 0.2 எக்ஸ் எஸ்எஸ்சி (உப்புக் கரைசல்) கழுவலையும் அதே சூட்டில் செய். சென்ஸ் புரோப் (தேடும் ஆர்என்ஏவில் ஒட்டக் கூடாத ஒப்பீட்டுப் புரோப்) ஸ்லைடு ஒவ்வொரு ஓட்டத்திலும் கூடவே போக வேண்டும்.

ஒரே செக்‌ஷனில் பிறகு ஜிஎன்ஆர்எச் பார்க்கப்போகிறாய் என்பதால் புரோட்டினேஸ் கே-யை அடக்கிப் போடு, முடிந்தால் விட்டுவிடு. ஆர்என்ஏவுக்கு வழி திறக்கும் அதே நொதி பெப்டைடையும் தின்றுவிடும். நிறத்திலும் கவனம் தேவை: புரோப்பைக் காட்டும் என்பிடி/பிசிஐபி சாயம் தரும் கருஊதாப் படிவு தன்மேல் விழும் ஃப்ளோரசன்ஸை (ஒளிர்வை) விழுங்கிவிடும். அதை வைத்தால் ஜிஎன்ஆர்எச்சுக்குப் பழுப்பு நிற டிஏபி சாயம் போடு. ஃப்ளோரசன்ஸ்தான் வேண்டுமென்றால் புரோப்புக்கு ஒளிரும் ஃபாஸ்ட் ரெட் சாயம்.

இவ்வளவும் சரியாக வந்தாலும் ஜிஏடி ஆர்என்ஏ பெரும்பாலும் செல் உடலில்தான் தெரியும், நார்முனை தெரியாது. ஆகவே ‘காபா செல்கள் ஜிஎன்ஆர்எச் செல்களுக்கு அருகில் உள்ளன’ என்பது வரை சொல்லலாம். தொடுகிறதா என்று சொல்ல முனையில் இருக்கும் விகாட் (காபாவை நார்முனைப் பைகளில் ஏற்றும் புரதம்) போன்ற புரதத்தைக் காட்ட வேண்டும். தொட்டாலும், காபா அடக்குமா தூண்டுமா என்பது செல்லுக்குள் இருக்கும் குளோரைடைப் பொறுத்தது. குளோரைடைச் செல்லுக்குள் ஏற்றும் என்கேசிசி1 புரதம் அதிகமாக இருந்து உள்ளே குளோரைடு தேங்கினால் காபா செல்லைத் தூண்டக்கூடும். அதனால் ‘காபா என்றாலே அடக்கும்’ என்ற பாடப்புத்தக வரியை முடிவுரையில் எழுதிவிடாதே.

மாதிரி சேகரிப்பு பற்றிச் சுருக்கமாக: ஆற்றில் ஏறி வரும் லாம்ப்ரே உண்பதில்லை, ஒரே முறை முட்டையிட்டு இறந்துவிடும். அந்தச் சில வாரங்களில் நீர் சூடேறச் சூடேற எல்லாமே மாறும். ஒவ்வொரு விலங்குக்கும் பிடித்த தேதி, நேரம், நீரின் வெப்பநிலை, எடை, சினைப்பை நிலை ஆகியவற்றைக் குறித்துவை. சேற்றில் பல ஆண்டுகள் கிடக்கும் லார்வாவில் ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, இனப்பெருக்கச் சுரப்பியை வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

வளர்ந்த ஒரு மூளையிலிருந்து நான்கு ஸ்லைடு எடுத்து ஆரம்பி: ஜிஎன்ஆர்எச் மட்டும், ஜிஏடி மட்டும், இரண்டும் சேர்த்து, சென்ஸ் புரோப்புடன் ஜிஎன்ஆர்எச். மூன்றாவதில் ஜிஎன்ஆர்எச் செல்களின் எண்ணிக்கை முதலாவதைவிடக் குறைந்தால் இன்-சிட்டு (ஆர்என்ஏ தேடும்) படிகள் பெப்டைடைக் கெடுக்கின்றன என்று அர்த்தம். அதைச் சரிசெய்த பிறகு லார்வாக்களைத் தொடு. படங்களை எனக்கு அனுப்பும்போது பிரீஆப்டிக் பகுதியோடு நியூரோஹைப்போஃபைசிஸும் ஒரே ஃப்ரேமில் வரும் குறைந்த உருப்பெருக்கப் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்.