தண்டனையைக் கூட்டியது போதும், சாட்சிக் கூண்டைப் பாருங்கள்

தமிழ்நாட்டிலிருந்து தேர்வான நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தை 2019-இல் திருத்தினீர்கள். குறைந்தபட்சத் தண்டனைகள் உயர்ந்தன, மிகக் கொடிய வகைக் குற்றத்துக்கு மரண தண்டனையும் சேர்ந்தது. ஒவ்வொரு கொடுமை செய்தியாகும்போதும் இன்னும் கடுமையாக்கு என்றே குரல் எழுகிறது. இந்த வழக்குகளைக் கையாளும் எங்களுக்குத் தெரிந்தவரை, வழக்கு உடைவது தண்டனைப் பிரிவில் அல்ல, சாட்சியம் பதியும் இடத்தில்.

நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு. காரணத்தை எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்றாகிவிடுகிறது. அரசுத் தரப்பு கேட்கும் முதல் விசாரணை ஒருநாள் நடக்கும், எதிர்த்தரப்பு கேட்கும் குறுக்கு விசாரணைக்கு வாய்தா விழும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சித்தப்பாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால் அந்த இடைவெளி ஒன்றே போதும். சொந்தக்காரர்கள் பேசுவார்கள், பாட்டி அழுவார், அடுத்த வாய்தாவில் குழந்தை முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ் சாட்சியாகிவிடும். அதையும் தாண்டி வந்தால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 348-ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 311), குழந்தையை மீண்டும் சாட்சி சொல்ல அழைக்கக் கோரும் மறு அழைப்பு மனு காத்திருக்கும். குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்று போக்சோவின் 33(5) சொல்லியும் இந்த நிலை.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதே சன்ஹிதாவின் 183(6), மாற்றுத்திறனாளி ஒருவர் குற்றவியல் நடுவரிடம் தரும் வாக்குமூலத்தையே முதல் விசாரணையாகக் கொள்ளச் சொல்கிறது. பிறகு குறுக்கு விசாரணை மட்டும்தான். இந்தச் சலுகையைப் பதினெட்டு வயதுக்குக் கீழான எல்லோருக்கும் விரியுங்கள். போலீஸ், மருத்துவர், நடுவர், நீதிமன்றம் என்று நடந்ததையே நான்கு இடத்தில் சொல்லும் குழந்தைக்கு ஒரு இடமாவது குறையும். ஆனால் வெறும் எழுத்து வாக்குமூலம் இதற்குப் போதாது. நடுவர் எழுதுவது அவர் நடையில் இருக்கும், குழந்தையின் சொல்லும் தயக்கமும் அதில் வராது. காணொளிப் பதிவு வேண்டும். அதைக் கோரும் போக்சோவின் 26(4)-இல் ‘இயன்றவரை’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. கேமரா பழுது, ஆள் இல்லை, எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். அந்தச் சொல்லை நீக்குங்கள்.

எதிரியின் உரிமை கெடும் என்பார்கள். கெடாது. காணொளி உட்பட எல்லா ஆவணங்களின் நகலையும் குறுக்கு விசாரணைக்குப் பத்து நாள் முன்பே அவர் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும். நகல் வரவில்லை என்பதுதானே வாய்தா கேட்க எளிதான காரணம்! அதன்பின் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். முன்பு கிடைத்திருக்கவே முடியாத சான்று வந்தாலொழிய மறு அழைப்பு கூடாது.

இன்னொன்று. கேள்விகளை வழக்கறிஞர் நேராகக் கேட்காமல் நீதிபதி வழியாகக் கேட்க வேண்டும் என்று போக்சோவின் 33(2) முன்பே சொல்கிறது. மீறினால் என்ன என்று சொல்லவில்லை. நேராகக் கேட்டு வாங்கிய பதிலை எதிரித் தரப்பு பயன்படுத்த முடியாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வரும் கூட்டத்தொடரில் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவாருங்கள். வாசகத்தை எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
போக்சோ வழக்குகளில் பணிபுரியும் வழக்கறிஞர்கள், ஆதரவு நபர்கள்