‘நாலு ஸ்டார்’ போதாது: ஆஸ்திரேலியத் தமிழ்ச் சங்கங்களுக்கும் மூத்தோர் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். விழா மலரில் முதியோர் இல்ல விளம்பரம் ஒன்று வந்தால் முதலில் கண்ணில் படுவது அரசு அந்த இல்லத்துக்குத் தரும் நட்சத்திர மதிப்பீடுதான். மூத்தோர் வாட்ஸ்அப் குழுவில் ‘எந்த நேர்சிங் ஹோம் நல்லது?’ என்று யாராவது கேட்டாலும் பதில் பெரும்பாலும் அந்த எண்ணாகவே வருகிறது. அந்த எண் பொய்யல்ல. ஆனால் அதை மட்டும் வைத்து அம்மாவையோ அப்பாவையோ எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்க முடியாது. அதிகச் செலவில்லாமல் உங்களால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கேட்டு இதை எழுதுகிறோம்.

முதியோர் பராமரிப்பு பற்றிய அரச விசாரணை ஆணையம் 2021இல் தந்த இறுதி அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று இந்த நட்சத்திர மதிப்பீடு. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதியோர் பராமரிப்புக்கான அரசின் மை ஏஜ்ட் கேர் இணையதளத்தில் ‘ஃபைண்ட் எ புரொவைடர்’ பகுதிக்குப் போய் ஊர்ப் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ தட்டினால் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தெரியும். அது நான்கு பிரிவுகளின் கூட்டு. அங்கே வாழ்பவர்களின் அனுபவத்துக்கு 33 சதவீதம், விதிகளுக்கு இணங்கி நடப்பதற்கு 30, பணியாளர் நேரத்துக்கு 22, தர அளவைகளுக்கு 15.

ஓர் இல்லம் அனுபவத்தில் 4, விதி இணக்கத்தில் 4, பணியாளரில் 2, தர அளவைகளில் 5 எடுத்திருக்கிறது என்று வையுங்கள். 1.32, 1.20, 0.44, 0.75 ஆகியவற்றைக் கூட்டினால் 3.71. அது 4 ஆகிவிடுகிறது. ஆள் பற்றாக்குறையுள்ள இல்லம் நான்கு நட்சத்திரத்தோடு மலரில் சிரிக்கும். விதி இணக்கத்தில் ஒரு நட்சத்திரம் வாங்கினால் மொத்தமும் ஒன்றுதான், இரண்டு வாங்கினால் இரண்டுக்கு மேல் போகாது என்று கடிவாளம் போட்டிருக்கிறார்கள். பணியாளர் பிரிவுக்கு அப்படியொரு கடிவாளம் இல்லை. அதனால் நாங்கள் எந்த இல்லத்தைப் பார்த்தாலும் மொத்த எண்ணைத் தாண்டி நேராகப் பணியாளர் பிரிவைத்தான் திறப்போம்.

அங்கே இரண்டு எண்கள் முக்கியம். 2024 அக்டோபர் முதல் நாடு தழுவிய சராசரி இலக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 215 நிமிடப் பராமரிப்பு. அதில் 44 நிமிடம் ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற தாதியருடையது. இந்த 44இல் பத்தில் ஒரு பங்குவரை அடுத்த நிலைத் தாதியரைக் கொண்டும் நிரப்பலாம். ஒவ்வோர் இல்லத்தின் இலக்கும் அங்குள்ளவர்களின் தேவையைப் பொறுத்து இதற்குக் கூடவோ குறையவோ இருக்கும். ஆகவே இரண்டு இல்லங்களின் நிமிடங்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது தவறு. தன் இலக்கை அந்த இல்லம் எட்டியதா, எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள்.

215 என்றால் நிறைய என்றுதான் தோன்றும். 60 பேர் வாழும் இல்லத்தில் அது நாளுக்கு 215 மணிநேர வேலை. எட்டு மணிநேர ஷிப்டாகப் பார்த்தால் ஏறத்தாழ 27 ஆட்கள், காலை மாலை இரவு மூன்றுக்கும் சேர்த்து. இது காலாண்டுச் சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. காலையில் எல்லாரையும் குளிப்பாட்டும் நேரத்தில் ஆட்கள் நிறைய இருந்து, இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போக மணியடிப்பவருக்கு யாரும் வராவிட்டாலும் சராசரி அழகாகவே இருக்கும். சமையல், துப்புரவு, பொழுதுபோக்கு, இயன்முறை மருத்துவம் இந்தக் கணக்கில் சேராது. ‘எங்களிடம் நிறைய ஸ்டாஃப்’ என்று வரவேற்பறையில் சொல்பவர் அவர்களையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

அனுபவப் பிரிவுதான் நான்கிலும் எங்களுக்கு அதிகம் பிடித்தது. இல்லத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் ஆண்டுதோறும் அங்கே வாழ்பவர்களில் குறைந்தது 10 சதவீதம் பேரிடம் நேரில் கேட்கிறார்கள்: சாப்பாடு பிடிக்கிறதா, பாதுகாப்பாக உணர்கிறீர்களா, மரியாதையாக நடத்துகிறார்களா என்று. எப்போதும், பெரும்பாலும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்ற நான்கில் ஒன்று பதில். நட்சத்திரத்தோடு நிற்காமல் கேள்விவாரியான பதில்களைத் திறந்து பாருங்கள். ‘பெரும்பாலும்’ என்பது மரியாதை பற்றிய கேள்விக்கு நல்ல பதிலல்ல. சிறிய இல்லங்களில் எச்சரிக்கை தேவை: 40 பேர் இருக்கும் இடத்தில் 10 சதவீதம் என்பது நாலே பேர். அவர்களில் ஒருவர் மனம் மாறினாலே அடுத்த ஆண்டு நட்சத்திரம் மாறலாம்.

தர அளவைகள் ஐந்து: படுக்கைப் புண், கட்டுப்படுத்தி வைத்தல், எதிர்பாராத எடைக் குறைவு, விழுதலும் அதனால் பெருங்காயமும், மருந்துப் பயன்பாடு. இவற்றை ஒவ்வொரு காலாண்டும் இல்லமே எண்ணி இல்லமே அனுப்புகிறது. ஒழுங்காகப் பதிவுசெய்யும் இல்லம் மோசமாகவும், கண்ணை மூடிக்கொள்ளும் இல்லம் நன்றாகவும் தெரிய இடமுண்டு. எனவே ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே காலாண்டை வைத்து ஒதுக்கவும் வேண்டாம்.

நம்மவர்களுக்கு இதில் எடைக் குறைவு தனிக் கவனம் பெற வேண்டியது. மூன்று மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் அது கணக்கில் வரும். 50 கிலோ பாட்டிக்கு அது வெறும் இரண்டரைக் கிலோ. எழுபது ஆண்டுகள் சோறும் குழம்பும் சாப்பிட்டவருக்கு முன்னால் மசித்த உருளைக்கிழங்கை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சைவம் மட்டும் உண்பவர் என்றால் ‘வெஜிடேரியன் ஆப்ஷன் உண்டு’ என்ற பதிலோடு விடாமல் நான்கு வார மெனுவை வாங்கிப் பாருங்கள். தினமும் அதே பாஸ்தா, அதே சாலட் என்றால் புரதம் எங்கிருந்து வரும்? மருந்துப் பகுதியில், ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் எடுப்போர் எத்தனை பேர், மனநோய்த் தடுப்பு மருந்து பெறுவோர் எத்தனை பேர் என்பதும் இருக்கும். ‘கட்டுப்படுத்தி வைத்தல்’ எண்ணிக்கையில் மருந்தால் அடக்கிவைப்பது சேராது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

விதி இணக்கம், முதியோர் பராமரிப்புத் தர மற்றும் பாதுகாப்பு ஆணையத்தின் கண்காணிப்பைப் பற்றியது. நட்சத்திரத்தைவிட ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும் ஆய்வறிக்கையைப் படிப்பது பயனுள்ளது. 2025 நவம்பரில் புதிய சட்டம் வந்ததிலிருந்து இல்லங்களை ஆராய்வது ஏழு தரநிலைகளின்படி. அதற்கு முந்தைய அறிக்கைகள் எட்டுத் தரநிலைகளின்படி இருக்கும். புதியதில் ஐந்தாவது மருத்துவப் பராமரிப்பு, ஆறாவது உணவு. நேரமில்லாதவர் அந்த இரண்டையாவது படிக்கட்டும்.

நட்சத்திரமே இல்லாத இல்லம் மோசமானது என்று எண்ண வேண்டாம், புதிதாகத் திறந்திருக்கலாம். நிர்வாகம் அண்மையில் கைமாறியிருந்தால், பழைய எண்கள் பழையவர்களுடையவை. திரையில் தெரியும் காலாண்டு விவரம் எப்போதும் சில மாதம் பழையது என்பதால் தேதியைப் பாருங்கள்.

மொழி எந்த நட்சத்திரத்திலும் இல்லை. மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் கழன்றுவிடும். வலிக்கிறது என்று சொல்லத் தமிழ்தான் மிஞ்சும். ‘தமிழ் பேசும் பணியாளர் உண்டு’ என்று இல்லம் சொன்னால் எத்தனை பேர், எந்த ஷிப்டில், இரவிலும் வாரக்கடைசியிலும் உண்டா என்று கேட்டு, ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். இல்லத்தை இரண்டு முறை போய்ப் பாருங்கள்: ஒருமுறை சொல்லிவிட்டு வார நாளில், மறுமுறை ஞாயிறு மாலை உணவு வேளையில். மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். ஊட்டிவிட வேண்டியவர்களின் தட்டு ஆறிப்போய்க் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி எங்கள் வேண்டுகோள். முதலாவது, மலரிலோ மேடையிலோ முதியோர் இல்ல விளம்பரம் ஏற்கும்போது மொத்த நட்சத்திரத்தோடு நான்கு பிரிவுகளின் எண்களையும் தேதியையும் போடச் சொல்லுங்கள். மறுக்கும் நிறுவனத்தின் பணம் வேண்டாம். சங்கடமான பேச்சுத்தான், பேசியே ஆக வேண்டும். இரண்டாவது, மூத்தோர் கூடும் நாளில் மாதம் ஒருமுறை மடிக்கணினியோடு ஒரு தொண்டரை உட்கார வையுங்கள். மூன்று இல்லங்களை ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். மருத்துவமனை ‘இந்த வாரமே இடம் பாருங்கள்’ என்று சொன்ன பிறகு இதையெல்லாம் நிதானமாகப் படிக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. ஆகவே தேவை வருவதற்கு முன்பே அந்தத் தாள் வீட்டில் இருக்கட்டும்.

தாளின் அடியில் இந்த எண்களையும் அச்சிடுங்கள்: மை ஏஜ்ட் கேர் 1800 200 422, தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு 131 450, இலவசமாக வாதாடி உதவும் ஓபன் அமைப்பு 1800 700 600, தர மற்றும் பாதுகாப்பு ஆணையத்திடம் முறையிட 1800 951 822.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் தமிழர்கள் சிலர்