மூன்றாம் பாகம் எங்கே?

இளையோருக்கான ஃபேன்டஸி, அறிவியல் புனைகதைத் தொடர்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளி நூலகர். என் மேசையில் அதிகம் விழும் கேள்வி, "அடுத்த பாகம் வந்துடுச்சா?" என்பதுதான். போன வாரம் இதைக் கேட்ட மாணவி முதல் பாகத்தை எட்டாம் வகுப்பிலும் இரண்டாம் பாகத்தை ஒன்பதிலும் எடுத்துப் போனவள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கதையின் நாயகி பழுதான விண்கலத்துக்குள் மாட்டிக்கொண்டு, மூச்சுக்காற்று தீரும் நேரத்தில் இரண்டாம் பாகம் முடிந்திருந்தது. மூன்று வருடமாக அவளுக்குக் காற்று தீர்ந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாம் பாகம் வராது என்பது எனக்குத் தெரியும். யாரும் அறிவிக்கவில்லை. 'விரைவில்' என்று இருந்த வரி பதிப்பகத்தின் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைந்ததைப் பார்த்து நானே புரிந்துகொண்டேன்.

உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. முதல் பாகத்தை வாங்கிய எல்லோரும் இரண்டாவதை வாங்குவதில்லை. இரண்டாவதிலிருந்து புதிதாகத் தொடங்குபவர் அநேகமாகக் கிடையாது. பாகத்துக்குப் பாகம் கூட்டம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் ஒருமுறை சூடுபட்ட பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? "எல்லாப் பாகமும் வரட்டும், அப்புறம் படிக்கிறேன்" என்கிறார்கள். அப்படிக் காத்திருப்பதால் முதல் பாகம் விற்காது. விற்கவில்லை என்று நீங்கள் தொடரை நிறுத்துவீர்கள். காத்திருந்தது சரிதான் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

தொடர்கதை என்றால் காத்திருக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். சரி, டோல்கீனையே எடுத்துக்கொள்வோம். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஒரே நாவலாக எழுதப்பட்டது. போருக்குப் பிந்தைய காகிதச் செலவை நினைத்துத்தான் மூன்றாகப் பிரித்தார்கள். நாயகன் எதிரியிடம் சிக்கிய இடத்தில் இரண்டாம் பாகம் முடிகிறது. அது வந்தது நவம்பர் 1954. மூன்றாம் பாகம் அக்டோபர் 1955. பின்னிணைப்புகள் தாமதமானதில் வாசகர்கள் பதினோரு மாதம் தவித்திருக்கிறார்கள். ஆனால் முதல் பாகம் அச்சேறும் முன்பே கதை முழுதாக எழுதப்பட்டிருந்தது. முடிவு இருக்கிறது, வந்து சேரத்தான் நாளாகிறது என்ற தவிப்பு அது. என் மாணவியின் தவிப்பு வேறு.

அவளுடைய வயதையும் பாருங்கள். நாற்பது வயதுக்காரருக்கு ஐந்து வருடம் ஒரு பெரிய விஷயமே இல்லை. பதிமூன்று வயதில் தொடங்கியவருக்கு ஐந்து வருடம் என்பது அந்தப் பருவமே முடிந்துபோகும் காலம். 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் முதல் மூன்று நாவல்கள் 2008, 2009, 2010 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்தன. பதிமூன்றில் தொடங்கியவர் பதினைந்தில் முடித்திருப்பார். உர்சுலா லெ குவினின் எர்த்சீ வரிசை நேர்மாறு. முதல் நாவல் 1968இல், மூன்றாவது 1972இல், நான்காவது 1990இல்! மூன்றாவதைப் பதினான்கு வயதில் படித்தவருக்கு நான்காவது வரும்போது முப்பத்திரண்டு வயது. ஆனாலும் யாரும் அந்தரத்தில் தொங்கவில்லை, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு நாவலும் தன்னளவில் முடிகிறது. மந்திரவாதச் சிறுவன் தன் நிழலோடு போராடும் கதை முதல் நாவலிலேயே தீர்ந்துவிடுகிறது.

நான் கேட்பதும் இதுதான். ஒன்று, ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கதையையாவது முடித்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால், கடைசிப் பாகத்தின் முதல் வரைவு கைக்கு வந்தபிறகு முதல் பாகத்தை அச்சுக்கு அனுப்புங்கள். இரண்டும் முடியாது, நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு உரிமையை எழுத்தாளரிடம் திருப்பிக் கொடுங்கள். முதல் இரண்டு பாகங்களின் உரிமை உங்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்போது, மூன்றாவதை மட்டும் போட எந்தப் பதிப்பகம் முன்வரும்?

இன்னொன்று, சின்ன விஷயம்தான்: புத்தக முதுகில் பாக எண்ணைப் போடுங்கள். தனி நாவல் என்று நினைத்து வாங்கி, முந்நூறாவது பக்கத்தில் 'தொடரும்' பார்த்து நொந்த பிள்ளைகள் என்னிடம் வந்து சண்டை போடுகிறார்கள். எண் போடுவதிலும் வம்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில் ஆறாவதாக, 1955இல் வெளிவந்ததைப் பின்னாளைய பதிப்புகள் கதைக்காலப்படி முதலாவதாக்கின. முதலில் எதைப் படிப்பது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. கதைக்கால வரிசைதான் சரி என்று அம்மாவோடு வாதாடிய ஒரு சிறுவனுக்கு, 1957இல் லூயிஸ் எழுதிய பதிலில் சிறுவன் பக்கம்தான் சாய்ந்தார்; கூடவே, வரிசை அவ்வளவு முக்கியமில்லையோ என்றும் சொல்லிவைத்தார். அந்தச் சண்டையாவது பரவாயில்லை. ஏழு புத்தகமும் கையில் இருப்பவர்கள் போடும் சண்டை.

என் மாணவிக்குப் பள்ளி முடிய இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்க வரும்போது கட்டாயம் கேட்பாள். நாவல் வேண்டாம், அந்த நாயகி விண்கலத்திலிருந்து வெளியே வந்தாளா என்று எழுத்தாளரிடம் கேட்டு ஒரு பக்கம் வெளியிட்டால்கூடப் போதும். அச்சடித்து வைத்து அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி நூலகர்