கொப்பியின் வலப் பக்கம்

பெரியகல்லாறு,
மார்கழி 29.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இங்கே வாவி நிரம்பி ஒழுங்கை வாசல் வரைக்கும் தண்ணி ஏறி இப்பதான் வடியுது. 26ந் திகதி சுனாமி நினைவுக்குக் கடற்கரையில் வழமைபோல விளக்கேற்றினார்கள். காற்று ஒரு சுடரையும் நிற்க விடவில்லை.

தையில் அம்மாவை அனுப்பி, ஆவணியில் மகளைக் கட்டிக் கொடுத்து, கார்த்திகையோடு பள்ளிக்கூடக் கதிரையை விட்டு எழும்பி, இப்ப மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் மறந்து போகுமுன் எழுதி வைக்கவேணும், எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறாய். 120 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கு. ஒரு சம்பவத்துக்கு எதிரெதிரே இரண்டு பக்கம். இடப் பக்கத்தில் நடந்தது: திகதி, நேரம், திதி, இடம், பக்கத்தில் நின்ற ஆட்கள். வலப் பக்கத்தில் அதற்கான பத்திரம்: இலக்கம், எந்தக் கந்தோர் கொடுத்தது, மூலப்பிரதி எந்தப் பெட்டியில், இன்னும் என்ன பாக்கி. இடப் பக்கத்தை உன் மனசு எழுதிக்கொள்ளும். வருசம் உண்மையில் முடிந்ததா இல்லையா என்று சொல்வது வலப் பக்கம்தான். நான் எழுதப் போவதும் அதைப் பற்றித்தான்.

அம்மாவில் தொடங்கு, ஆட்டைத் திவசம் அடுத்த மாதமே வருகிறது. இறப்பத்தாட்சியில் இருக்கும் திகதியைப் பார்த்து அதே நாளில் வைக்க நினைக்காதே. மாதம், பிறை, திதி மூன்றும் வேண்டும். ஆங்கிலத் திகதிக்கு அது பெரும்பாலும் 11 நாள் முந்தி வரும், சில வருசம் 19 நாள் அளவில் பிந்தியும் போகும். திதி நள்ளிரவில் மாறுவதில்லை. ஒரு திதி 19 மணித்தியாலமும் இருக்கும், 26 மணித்தியாலமும் இருக்கும். ஆகையால் உயிர் பிரிந்த நேரம் தெரியாமல் திதி சொல்ல ஏலாது. பத்திரத்தில் நேரம் இராது, அந்த இரவு பக்கத்தில் இருந்த உன் தங்கச்சிமாரைக் கேட்டு இப்பவே எழுதிவிடு. வாக்கியமா திருக்கணிதமா, 31ஆம் நாள் கிரியைக்கு எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தீர்களோ அதையே பிடி. இரண்டையும் கலந்தால் வருசா வருசம் ஐயரோடு சண்டைதான். மறுகா சித்திரைப் பௌர்ணமி விரதமும் இனி உனக்கு உண்டு. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் கடலில் அப்பாவுக்காக முழுகுகிறாய், அம்மாவுக்குச் சித்திரை.

அம்மாவின் வலப் பக்கத்தில் முதலாவது அடையாள அட்டை இலக்கம். அட்டையை ஒப்படைக்கக் கேட்டிருப்பார்கள், அதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோக் கொப்பி எடுத்தாயா? பழைய ஒன்பது இலக்க அட்டையை வாசிக்க இன்னும் பலருக்குத் தெரியாது. முதல் இரண்டும் பிறந்த வருசம், அடுத்த மூன்றும் வருசத்தில் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டு. 41754 என்று தொடங்கினால் 1941இல் பிறந்த பெண், 254ஆம் நாள். இங்கேதான் பலர் பிழை விடுவது. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் 254 புரட்டாதி 11, அதாவது செப்டெம்பர் 11. ஆனால் அட்டைக் கணக்கில் எல்லா வருசத்துக்கும் பெப்ரவரி 29 நாள்தான். ஆகவே அது செப்டெம்பர் 10. ஒரு நாள் வித்தியாசம் என்று பதறி, பிறப்பத்தாட்சியைத் திருத்த ஓடுகிற சனம் உண்டு, அங்கே பிழையே இல்லை. 2016இல் வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருசம் மட்டும் நான்கு இலக்கம். வீட்டில் எல்லாருடைய அட்டையையும் பிறப்பத்தாட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருதரம் எண்ணிப் பார். உண்மையான பிழை இருந்தால் அவசரம் இல்லாத நேரத்தில் திருத்துவதுதான் புத்தி.

இறப்பத்தாட்சி எத்தனை பிரதி எடுத்தாய்? குறைந்தது ஐந்து வேண்டும். வங்கிக்கு ஒன்று, காணிக் கிளைக்கு ஒன்று, அப்பாவின் பென்சனில் அம்மா எடுத்து வந்த விதவைப் பென்சனை நிறுத்த ஒன்று, இரண்டு கையில். அந்தப் பென்சனைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. பிரதேச செயலகத்துக்கு அறிவிக்காமல் விட்டால் காசு பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், பிறகு மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். செத்த வீட்டுச் செலவுக்கு என்று ஏ.டி.எம். அட்டையால் யாரும் எடுத்திருந்தாலும் அந்தத் தொகையை எழுதி வை, ஒளிக்காதே.

இனி வயல். அது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றபடியால், சொந்தமாக உறுதி எழுதிய காணியின் சட்டம் அதற்குச் செல்லாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான். அப்பா போனபின் அம்மாவுக்கு இருந்தது சீவிய காலத்துக்கான உரித்து மாத்திரம். அப்பா பின்னுரித்தாளராக யாரைப் போட்டார் என்பதே இப்போது கேள்வி. வாயால் சொன்னது செல்லாது. கடதாசியில் எழுதி வைத்திருந்தாலும் பதிந்திராவிட்டால் செல்லாது. உன்னைத்தான் போட்டிருந்தார் என்றாலும், அம்மா போய் ஆறு மாதத்துக்குள் நீ காணியில் இறங்கியிருக்க வேண்டும். நீ சிறுபோகம் செய்தாய், நல்லதாய்ப் போச்சு. ஆனால் செய்தாய் என்பதற்குச் சாட்சி வேண்டும்: கமநல சேவை நிலையத்தில் கட்டிய ஏக்கர் வரி ரசீது, உரம் எடுத்த துண்டு, கமக்காரர் அமைப்புச் சந்தா. சட்டைப் பையில் வைத்துத் தோய்த்துவிடாமல் கொப்பியில் ஒட்டு. நாலு பேரும் நாலு துண்டாகப் பிரிப்போம் என்று வீட்டில் பேசிக்கொள்ளலாம், கந்தோரில் நடக்காது. விளைச்சலைப் பிரியுங்கள், காணியைப் பிரிக்கப் போகாதீர்கள்.

அம்மாவின் தென்னந்தோட்டம் உறுதிக் காணி, அது வேறு. நம்மூர் வழக்கம் பெண்பிள்ளைக்கு, சட்டம் எல்லாப் பிள்ளைக்கும் சமன். ஒரு காலத்தில் மட்டக்களப்புக்கென்று முக்குவர் சட்டம் இருந்து தாய்வழியில் போனது. 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அது போயிற்று, வழக்கம் மாத்திரம் நின்றுவிட்டது. ஆகவே "எனக்கு வேண்டாம், தங்கச்சிமாருக்கே" என்று நீ சொன்னால் போதாது, உன் பங்கை உறுதி முடித்துக் கொடு. இப்போது நாலு கையெழுத்தோடு முடியும் வேலை, உனக்குப் பிறகு உன் பிள்ளைகள், தம்பியின் பிள்ளைகள் என்று பதினைந்து கையெழுத்தாகும், அதில் இரண்டு வெளிநாட்டில்.

மகளின் கலியாணப் பக்கத்தில் இரண்டு திகதி எழுது: எழுத்து (விவாகப் பதிவு) நடந்த நாள், தாலி கட்டிய நாள். வீட்டில் கொண்டாடப் போவது இரண்டாவதை, கடதாசிகள் கேட்கப் போவது முதலாவதை. பேருக்கு முன்னால் இருக்கும் உன் முதலெழுத்தை எடுத்துவிட்டு மாப்பிள்ளையின் எழுத்தைப் போடுவதா என்று கேட்டாய். என்னைக் கேட்டால் விடு, பிறந்த பேரிலேயே இருக்கட்டும். பெண்பிள்ளை பேர் மாற்றவேணும் என்று கட்டாயமில்லை. மாற்றத்தான் போகிறாள் என்றால் அடையாள அட்டை முதலில், அதற்குப் பிறகு கடவுச்சீட்டு, வங்கி, வேலைத்தலம். ஒன்றில் மாற்றி ஒன்றில் மாற்றாமல் விடுவதுதான் கெடுதல். ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவாள்.

மகளுக்குக் கொடுக்கிற வீட்டுக்கு உறுதி இன்னும் எழுதவில்லை என்றது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இதில்தான் சொல்ல நிறைய இருக்கு. அது தங்கச்சிக்கு, அதாவது உன் மனைவிக்கு, அவவின் தாய் சீதனமாகக் கொடுத்த வீடு. கொடுக்கிறவ தங்கச்சிதான், நீ இல்லை. முதலில் காணிப் பதிவகத்தில் அந்தப் பதிவின் சாற்றை எடு. பழைய ஈடு ஒன்று தீர்த்தும் தீர்த்ததாகப் பதியாமல் கிடக்கும், அது இப்பதான் தெரியவரும். நில அளவையாளரைக் கொண்டு புதுப் படம் கீறு. பழைய உறுதியில் "கிழக்கு இன்னாரின் வளவு" என்று இருக்கும், அந்த இன்னாரும் இல்லை, வளவும் நாலாய்ப் போயிற்று. பிறகு உறுதி எழுதுகிற நொத்தாரிசு. கையெழுத்து வைக்கும்போது நொத்தாரிசும் சாட்சி இரண்டு பேரும் ஒன்றாக ஒரே இடத்தில் இருக்கவேணும். "பிறகு வந்து வைக்கிறேன்" என்கிற சாட்சியை வைத்துத்தான் உறுதிகள் நீதிமன்றத்தில் விழுகின்றன. நன்கொடை என்றால் மகள் அதை ஏற்றதாகவும் அதே உறுதியில் கையெழுத்து வைக்கட்டும். ஏற்காத நன்கொடை முடியாத நன்கொடை.

இரண்டு விசயத்தை நொத்தாரிசு தானாகச் சொல்லமாட்டார், நீ கேள். ஒன்று, உனக்கும் தங்கச்சிக்கும் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதச் சொல். வெட்கப்படாதே. பின்வளவில் குசினியை ஒட்டி அறை கட்டிப் போய் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய், நல்லது, அந்த அறையும் வளவும் உறுதியில் வரட்டும். நல்ல மருமகன் இதற்குக் கோபிக்கமாட்டான். மற்றது, உறுதி கைக்கு வந்தால் வேலை முடிந்ததென்று நினைக்காதே, காணிப் பதிவகத்தில் பதியவேணும். ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால், பிந்தி எழுதினாலும் முந்திப் பதிந்ததுக்கு இடம் கொடுக்கும் சட்டம் அது. பதிந்த திகதியை வலப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுது. பிரதேச சபை வரியிலும் கரண்ட் பில்லிலும் பேரை மாற்றுவது அதற்குப் பிறகு, ஆறுதலாக.

பென்சனைப் பற்றி உனக்குச் சொல்ல அதிகம் இல்லை, உன் பென்சன் பைல் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் பார்: விதவைகள், அநாதைகள் பென்சன் பதிவில் தங்கச்சியின் பேர், உங்கள் விவாகப் பத்திரத்தில் இருக்கும் பேர், அவவின் அடையாள அட்டைப் பேர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? நீ இருக்கும்போது அரைநாள் வேலை. நீ இல்லாதபோது அவவுக்கு ஒரு வருச அலைச்சல். வருசத் தொடக்கத்தில் உயிர்வாழ் சான்றிதழைக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்திக் கொடுக்கவும் மறவாதே. பாடசாலைக்கு ஒருநாளும் பிந்திப் போகாத ஆட்கள்தான் இதை மறந்து பென்சன் நின்றபின் ஓடித்திரிவது.

பேரப்பிள்ளைக்கு ஒரு பக்கம் இப்பவே ஒதுக்கு. பிறப்பைப் பதிய 42 நாள். துடக்குக் கழிப்பது 31இல், பேரும் அன்றைக்குத்தான் வைப்போம் என்று பெரியவர்கள் இருப்பார்கள். மிஞ்சுவது 11 நாள், அதில் சனி ஞாயிறு போகும், போயா (பௌர்ணமி) விடுமுறையும் வரலாம். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அது வேறு படிவம், வேறு சத்தியக் கடதாசி. ஆகவே பேரை முன்கூட்டி முடிவெடுத்து வையுங்கள், நட்சத்திர எழுத்துக்கு ஏற்ப மூன்று நாலு பேர் எழுதி வைத்தால் போதும். பதிவு நடப்பது பிள்ளை பிறந்த ஆசுப்பத்திரி இருக்கிற பிரிவில், உங்கள் ஊரில் அல்ல. தாய் தகப்பனின் விவாகப் பத்திரத்தையும் கொண்டு போகச் சொல்.

இன்னொன்று, இது இன்றைக்கே பார்க்கவேண்டியது. மகளின் கிளினிக் அட்டையில் என்ன பேர் எழுதியிருக்கு? முதல்நாள் மருத்துவமாது கேட்டபோது கூட்டிக்கொண்டு போன மாமி வீட்டுப் பேரைச் சொல்லியிருப்பா, அல்லது மாப்பிள்ளையின் முதலெழுத்தோடு சொல்லியிருப்பா. அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஆசுப்பத்திரிக் கடதாசி எழுதப்படும், அதைப் பார்த்துத்தான் பதிவாளர் எழுதுவார். அட்டையில் விழுந்த பிழை பிள்ளையின் பிறப்பத்தாட்சியில் தாயின் பேராக ஏறிவிடும். அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி இப்பவே திருத்து. பிள்ளையின் பேருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒரு துண்டில் எழுதி எல்லாரிடமும் கொடு. 'ழ'வுக்கு ஒருவன் 'இசட் எச்' போடுவான், ஒருவன் 'எல்' போடுவான். தடுப்பூசி அட்டை ஒரு மாதிரி, கடவுச்சீட்டு ஒரு மாதிரி என்று வரக்கூடாது.

மூலப்பிரதிகளைத் தயவுசெய்து லெமினேற் பண்ணாதே. முத்திரையைத் தடவிப் பார்க்க ஏலாது என்று திருப்பி அனுப்புவார்கள், உரித்தால் மையும் சேர்ந்து உரியும். தடித்த பொலித்தீன் உறை, உறைக்கு ஒரு பத்திரம், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள், மூடி இறுக்கமாக. அலுமாரியின் கீழ்த்தட்டில் வைக்கக்கூடாது. 78 கார்த்திகைச் சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் எங்கள் பக்கத்துச் சனம் முதலில் இழந்தது கீழ்த்தட்டைத்தான். போனில் எடுத்த படத்தை மகனுக்கும் மகளுக்கும் அனுப்பிவை.

தை பிறந்து முதல் கிழமை தண்ணி வடிந்துவிடும், பஸ் ஒழுங்காக ஓடும். வா, இரண்டு நாள் நில், கொப்பியையும் கொண்டு வா. அதற்கு முன் அப்பாவின் அனுமதிப்பத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. பின்பக்கத்தில் பேனையால் ஏதும் எழுதி, பக்கத்தில் ஒரு திகதியும் சின்னக் கையொப்பமும் இருந்தால் அது மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத்தான் நான் பார்க்கவேணும்.

தங்கச்சியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்.