நீலத்தை ஒளித்து வைக்காதே, மீரா

ஆன் ஆர்பர்,
26 நவம்பர் 2024

அன்புள்ள மீராவுக்கு,

நேற்று நீ போனில் சொன்ன ஒரு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே ஓஹியோ ஸ்டேட் லேபில் யாராவது கேட்டால் "நான் ஃபுட்பால் அவ்வளவாகப் பார்ப்பதில்லை" என்று சொல்லிச் சமாளிக்கிறேன் என்றாயே, அதுதான். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உன்னை ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இந்தப் பயனாவது இருக்கட்டும்.

நீயா அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவள்? 2021-ல் பனி கொட்டக் கொட்ட ஒரு லட்சம் பேரோடு நின்றுவிட்டு, நம் மிச்சிகன் பல்கலைக்கழக அணி பரம எதிரி ஓஹியோ ஸ்டேட்டை 42–27 என்று வென்றதும் தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடியவள்! இந்த ஜனவரியில் ஹூஸ்டனில் வாஷிங்டனை 34–13 என்று வீழ்த்திக் கல்லூரிச் சாம்பியன் ஆனபோது தெருவில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு வந்தாய். நான்தான் மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தேன். மேல்படிப்புக்கு ஓஹியோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ் போனதும் அதெல்லாம் நடக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டால் எப்படி, கண்ணு?

இந்தச் சனிக்கிழமை கொலம்பஸில் ஓஹியோ ஸ்டேட்டோடு ஆட்டம் என்பதால் இங்கே எங்கள் ஆஸ்பத்திரி லேபில் இந்த வாரம் வேலை பாதி, பேச்சு பாதி. மத்தியான இடைவேளையில் மைக்ரோவேவ் முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் கோச் ஆகிவிட்டார்கள். பேச்சு ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது: பந்தை எறிய நம்மிடம் ஆள் இல்லை. போன வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி, இப்போது 6 வெற்றி, 5 தோல்வி. கோச் ஹார்பா தொழில்முறை அணியான சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். பந்தை எறிந்த மெக்கார்த்தியோடு சேர்த்து 13 பேரை, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் டிராஃப்ட் என்கிற ஆள் எடுப்பில் அள்ளிக்கொண்டு போய்விட்டன. மிச்சம் இருப்பதை வைத்து புதுக் கோச் ஷெரோன் மோர் குடும்பம் நடத்துகிறார். பந்தை எறிகிற குவாட்டர்பேக் இடத்தில் வாரன், ஓர்ஜி, டட்டில் என்று மூன்று பேரை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. செப்டம்பரில் யு.எஸ்.சி.யை 27–24 என்று ஜெயித்தோமே, அன்றைக்கு நாள் முழுக்க எறிந்து எடுத்தது மொத்தம் 32 யார்டு. கலெல் மல்லிங்ஸ் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடியதால் மானம் பிழைத்தது. டெக்ஸஸ், ஆரிகன், இண்டியானா என்று தோற்ற ஆட்டங்களை நான் எழுதப்போவதில்லை. நீயும் பார்த்திருப்பாய், ஒளிந்தாவது.

போன சனிக்கிழமை நார்த்வெஸ்டர்னை 50–6 என்று அடித்ததில் ரிசப்ஷனில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை துளிர்த்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது கணக்கிலேயே இல்லை. அவர்கள் பேசுவதெல்லாம் குவாட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட்டைப் பற்றித்தான். நம் பக்கத்து ஊர் பெல்வில் பையன். லூசியானாவின் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த வாக்கை மாற்றிக்கொண்டு மிச்சிகனுக்கே வருகிறேன் என்று போன வியாழக்கிழமை சொல்லிவிட்டான். எத்தனை மில்லியன், யார் கொடுக்கிறார்கள் என்று ஒரே அலசல். அந்தப் பையன் இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. எனக்கென்னவோ, அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசினால் இந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது என்றுதான் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் மட்டும் சிரித்தபடி சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓஹியோவில் இருக்கும் டோலிடோவிலிருந்து தினமும் யு.எஸ். 23-ல் வண்டி ஓட்டி வருகிறாரே, அவர்தான். லேப் முழுக்க மிச்சிகன் நீலம், அவர் ஒருவர் மட்டும் ஓஹியோ ஸ்டேட் சிவப்பு. இந்த வாரம் வந்தால் கருஞ்சிவப்பு சாக்ஸ் போட்டுக்கொண்டு வருவார். அவர் மனைவி செய்கிற பக்கை மிட்டாயை டப்பா நிறையக் கொண்டுவந்து நடு மேசையில் வைப்பார். பீநட் பட்டர் உருண்டையைச் சாக்லேட்டில் முக்கி, ஓஹியோவின் அடையாளமான பக்கைக் கொட்டை மாதிரியே கண் வைத்துச் செய்கிறார்களே, அது. "தின்றவர்கள் எல்லாம் இனி எங்கள் கட்சி" என்பார். தின்றுவிட்டு அவரையே வம்புக்கு இழுப்போம். 2021, 2022, 2023 என்று மூன்று வருஷம் வரிசையாகத் தோற்றும் அந்தத் திங்கட்கிழமைகளில் அவர் லீவு போட்டதில்லை. வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பதிலுக்கு எங்களையும் விட்டுவைக்க மாட்டார். எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரத்தில் போன வருஷம் ஹார்பாவை வழக்கமான சீசனின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு உட்கார வைத்தார்களே, அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்களில் யாருக்கும் அவர்மேல் கோபம் வந்ததில்லை. இந்த வாரத்தில் அவர் இல்லாவிட்டால் லேபே டல்லாகிவிடும்.

நீ அங்கே அவராக இரு என்கிறேன். அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவருக்கு உள்ளுக்குள் உதறல், அது உனக்குத் தெரியுமா? ஓஹியோ ஸ்டேட் 10–1, நாட்டிலேயே இரண்டாம் இடம், பந்தயக்காரர்கள் அவர்களுக்குச் சுமார் 20 புள்ளி முன்னிலை கொடுக்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்காகச் சுமார் 2 கோடி டாலர் செலவு என்று அவர்கள் விளையாட்டு இயக்குநரே சொன்னார். அப்படியும் மனுஷன் நேற்று காபி மெஷின் பக்கத்தில் என்னிடம் ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்: "எங்கள் முன்வரிசை லைன் நடுவில் ஓட்டை." சிம்மன்ஸுக்கு ஆரிகன் ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. செண்டர் மெக்லாக்லினுக்குப் பயிற்சியில் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. நம் பக்கம் நடுவில் நிற்பது மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்ட்டும். "வெளிப்பக்கமாக எங்கள் ஜெரமையா ஸ்மித்துக்கு எறிந்துகொண்டே இருந்தால் போதும், அவனைத் தடுக்க வேண்டிய உங்கள் வில் ஜான்சனும் காயத்தில் இருக்கிறான். ஆனால் எங்கள் ஆட்கள் 'எங்களுக்கும் தெம்பு இருக்கிறது' என்று காட்ட நடுவிலேயே முட்டுவார்கள்" என்றார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. புத்தியாக ஆடினால் அவர்களை நம்மால் பிடிக்க முடியாது. இந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் ரோஷம் புத்தியை முந்திக்கொண்டு ஓடும்.

ரோஷத்துக்குக் காரணமும் இருக்கிறது. மிச்சிகனை ஜெயித்தால் அங்கே ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் குட்டியாக ஒரு தங்கக் கால்சட்டை கொடுப்பார்கள், 1934-லிருந்து வருகிற வழக்கம். ஜாக் சாயர், எக்புகா, ஹெண்டர்சன் மாதிரி 2021-ல் சேர்ந்த பையன்களிடம் அது ஒன்றுகூட இல்லை. என்.எஃப்.எல்லுக்குப் போயிருக்கலாம், போகாமல் இன்னொரு வருஷம் இருந்துவிட்டார்கள். அவர்களை நினைத்தால் எனக்கே கொஞ்சம் பாவமாக இருக்கிறது. இதை லேபில் சொல்லிவிடாதே.

நம் எதிர்வீட்டுத் தபால்காரத் தாத்தாவைக் கேட்டால் அவர் வேறு மாதிரி கணக்குப் போடுகிறார். அவர் 1969 ஆட்டத்தை நேரில் பார்த்தவர். ஓஹியோ ஸ்டேட் கோச் வுடி ஹேய்ஸிடம் உதவியாளராக இருந்த போ ஷெம்பெக்லர் மிச்சிகனுக்குக் கோச்சாக வந்த முதல் வருஷம். ஓஹியோ ஸ்டேட் நாட்டிலேயே முதலிடம், தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்துவிட்டு ஆன் ஆர்பருக்கு வருகிறார்கள். 24–12 என்று தோற்றுப் போனார்கள். அன்றைக்கு ஆரம்பித்து 1978 வரை அந்த இரண்டு பேருக்கும் நடந்த போட்டியைத்தான் இன்னமும் பத்து வருஷப் போர் என்கிறார்கள்.

பந்தை எறிய ஆள் இல்லையே தாத்தா என்றேன். அதற்கு 1950-ஐ எடுத்தார். அது அவர் பார்த்ததில்லை, அவர் அப்பா சொன்னது. கொலம்பஸில் பனிப்புயல், கோடு எங்கே என்றே தெரியாதாம். பத்து யார்டு முன்னேறினால் கிடைக்கிற ஃபர்ஸ்ட் டவுன் ஒன்றுகூட மிச்சிகன் எடுக்கவில்லை, எறிந்த ஒரு பந்தையும் பிடிக்கவில்லை. இரண்டு அணியும் சேர்ந்து 45 தடவை பந்தை உதைத்துத் தள்ளியிருக்கிறார்கள். உதைத்த பந்தைத் தடுத்துத் தடுத்தே 9–3 என்று மிச்சிகன் ஜெயித்தது. "எறியத் தெரியாதவர்கள் கொலம்பஸிலேயே ஜெயித்திருக்கிறார்கள், போ" என்று என்னை அனுப்பிவிட்டார்.

பகை ஃபுட்பாலுக்கும் முந்தியது. நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் டோலிடோ வழியாக வருகிறாயே, சண்டையே அந்த ஊருக்காகத்தான். 1835-ல் எல்லைக் கோடு எங்கே போகிறது என்று இரண்டு பக்கமும் படை திரட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நம் ஊர் வரப்புத் தகராறேதான், கொஞ்சம் பெரிய வரப்பு. மொத்தச் சண்டையிலும் கத்திக்குத்துப் பட்டவர் மிச்சிகன் பக்கத்து அதிகாரி ஒருவர்தான், அவரும் பிழைத்துக்கொண்டார். குத்தியவன் பெயர் டூ ஸ்டிக்னி. அவன் அண்ணன் பெயர் ஒன். பிள்ளைகளுக்கு நம்பர் போட்டுப் பெயர் வைத்த அப்பாவை என்ன சொல்ல! கடைசியில் டோலிடோ ஓஹியோவுக்குப் போனது. நமக்கு வடக்கே இருக்கும் அப்பர் பெனின்சுலாவைக் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு 1836 டிசம்பர் குளிரில் தலையாட்டிய கூட்டம் நடந்தது இதே ஆன் ஆர்பரில். தண்டத்துக்கு ஒரு காட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று அன்றைக்குப் புலம்பினார்களாம். பிறகு அங்கே செம்பும் இரும்பும் எடுத்தார்கள். இதை நம் டோலிடோக்காரரிடம் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த வருஷம் புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு இனி 12 அணி. ஓஹியோ ஸ்டேட் சனிக்கிழமை தோற்றாலும் உள்ளே போய்விடும், அப்புறம் இந்த ஆட்டத்துக்கு என்ன மதிப்பு என்று உன் அப்பாகூடக் கேட்கிறார். (அவருக்கு ஃபுட்பால் என்றால் பொரித்த கோழி சாப்பிட ஒரு சாக்கு.) எனக்கு அது ஒப்பவில்லை. கோப்பைக்காகவா 1897-லிருந்து ஆடுகிறார்கள்? 5 தோல்வி வாங்கிய நமக்குச் சனிக்கிழமை ஜெயித்தாலும் பிளேஆஃப் இல்லை. அப்படியும் லேபில் யாருக்கும் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் வான்கோழியைப் பற்றிக் கவலை இல்லையே. சாம்பியன் பட்டத்தையும் கையில் கொடுத்து, இந்த ஆட்டத்தை மட்டும் தோற்றுக்கொள் என்றால் அந்த டோலிடோக்காரர் சரி என்பாரா என்று கேட்டேன். மனுஷன் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வளாகம் முழுக்க, மிச்சிகனின் எழுத்து என்று 'எம்' (M) எழுத்தின்மேல் எல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள், உன் மேசைப் பெயரிலும் எம்மை அடித்து 'ஈரா' ஆக்கிவிட்டார்கள் என்றாய். ஃபுட்பால் பார்க்காதவளுக்கு அப்படி யார் செய்வார்கள்? உன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கண்ணு. அதைப் பிய்க்காதே, இந்த வாரம் அப்படியே இருக்கட்டும். பதிலுக்கு அந்த மைக்ரோஸ்கோப் அறைக் கதவில் எதையாவது ஒட்டிவிட்டு வா. அப்பாவின் பழைய நீலத் தொப்பி உன்னிடம்தானே இருக்கிறது? சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டே போ. உனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அவள் பக்கத்தில் நீலமாக உட்காரப்போகிறாய் என்று. அவளுக்குச் சங்கடமாக இருந்தால் கோட்டுக்குள் போட்டுக்கொள், ஆனால் போட்டுக்கொள்.

வம்பு வாயோடு நிற்கட்டும். 2022-ல் நம் பையன்கள் அங்கே ஜெயித்துவிட்டு மைதான நடுவில் கொடியை ஊன்றியது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் செய்கிற வேலையா அது? யார் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்ததும் நீ மைதானப் பக்கம் இறங்காமல் நேராக வெளியே வந்துவிடு. குடித்துவிட்டு யாராவது ஏதாவது கத்தினால் காதில் வாங்காதே.

குளிர் கடுமையாக இருக்கும் போலிருக்கிறது. இரண்டு சாக்ஸ், கைக்குள் வைக்கிற அந்தச் சூட்டுப் பொட்டலம் நான்கு. பை கொண்டு போவதென்றால் கண்ணாடி மாதிரி தெரிகிற பைதான் விடுவார்கள். ரத்ததானப் போட்டியில் இன்னும் கொடுக்கவில்லை என்றால் போய்க் கொடு. 1982-லிருந்து இரண்டு பல்கலைக்கழகமும் அதையும் போட்டியாக்கி வைத்திருக்கின்றன. நீ கொடுக்கிறது ஓஹியோ கணக்கில் ஏறும், பரவாயில்லை.

ஆட்டம் 12 மணிக்கு. தாத்தாவும் நம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றிருக்கிறார். ஒன்றே ஒன்று: நாங்கள் பார்ப்பது இன்டர்நெட்டில், நேரில் நடப்பதைவிடக் கொஞ்சம் பின்னால்தான் ஓடும். நீ உள்ளே உட்கார்ந்துகொண்டு "டச் டவுன்" என்று மெசேஜ் போட்டுத் தொலைக்காதே. இடைவேளையில் கூப்பிடு, எடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா