நுண்ணோக்கிப் படத்துக்கு அளவுக்கோடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் மைக்ரோஸ்கோப் வழியாகச் செல்போனில் எடுக்கும் படங்களைத் தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வெளியிடுவது மிகவும் நல்ல காரியம். ஆனால் படத்தின் கீழே ‘400 மடங்கு பெரிதாக்கப்பட்டது’ என்று அச்சிடுவதை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான 10 மடங்கு ஐபீஸையும், பொருளுக்கு அருகிலுள்ள லென்ஸான 40 மடங்கு ஆப்ஜெக்டிவையும் பெருக்கி வருவது அந்த 400. நேரில் கண் வைத்துப் பார்ப்பவருக்கே அது பொருந்தும். கால் மில்லிமீட்டர் நீளமுள்ள வெங்காயத் தோல் செல், தாளில் இரண்டரை சென்டிமீட்டராக வந்தால் அது 100 மடங்குதான். படத்தை இரட்டிப்பாக்கிப் போட்டால் 200. படத்துக்குள்ளேயே ஓர் அளவுக்கோடு, அதாவது ‘இது இவ்வளவு நீளம்’ என்று குறித்த கோடு, இருந்தால், படம் பெரிதானாலும் சிறிதானாலும் கோடும் கூடவே மாறும், கணக்குத் தப்பாது.

இதற்குச் செலவில்லை. ஐபீஸின் விளிம்பில் 10-க்குப் பக்கத்தில் 18 என்று பொறித்திருந்தால், 18-ஐ ஆப்ஜெக்டிவின் எண்ணால் வகுக்க வேண்டும். 4 மடங்கு ஆப்ஜெக்டிவில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், 10-இல் 1.8, 40-இல் 0.45. வட்டம் முழுவதும் விழும்படி எடுத்த படத்தில் அந்த வட்டமே அளவுகோல். எண் பொறிக்காத ஐபீஸாக இருந்தால், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலை 4-இன் கீழ் வைத்து மில்லிமீட்டர் கோடுகளை எண்ணினால் போதும்.

வட்டம் முழுதாக விழாமல் ஓரம் கறுத்துப் போவதற்குக் காரணம், போன் சரியான உயரத்தில் இல்லாததே. விளக்கை எரியவிட்டு, ஐபீஸுக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பாருங்கள். ஒளிவட்டம் ஓரிடத்தில் சுருங்கிச் சிறு பொட்டாகும். பிறகு மறுபடி விரியும். அந்தப் பொட்டு விழும் இடத்தில்தான் போனின் லென்ஸ் இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு அட்டையில் ஒரு வளையம் செய்து ஐபீஸில் மாட்டிவிட்டால் கை நடுங்காது. இரண்டு விநாடி டைமர் வைத்து எடுக்கட்டும்.

பள்ளிப் படங்களில் அதிகம் காணும் கோளாறு வேறொன்று. செல் சுவர்கள் தடித்த கறுப்புக் கோடுகளாக, பக்கத்தில் இன்னொரு வெள்ளைக் கோட்டோடு தெரியும். பார்க்க ‘பளிச்’ என்றிருப்பதால் பிள்ளைகள் அதையே நல்ல படம் என்று நம்பிவிடுகிறார்கள். வெளிச்சத்தைக் குறைக்க, ஒளி வரும் துளையைச் சுருக்கும் டயாஃப்ரத்தை மூடியதால் வந்த வினை அது; நுண்ணிய விவரங்கள் அதில் அழிந்துவிடும். வெளிச்சத்தை விளக்கில் குறைக்க வேண்டும். ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை, ஸ்லைடு வைக்கும் ஸ்டேஜுக்கு அருகே உயர்த்தி, ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தபடி, ஒளிவட்டத்தில் நான்கில் மூன்று பங்கு திறந்திருக்குமாறு டயாஃப்ரத்தை வைப்பதே முறை. ஆப்ஜெக்டிவை மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

போனின் ஜூமை நம்ப வேண்டாம். 0.65 என்று பொறித்த 40 ஆப்ஜெக்டிவால், ஏறத்தாழ அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளிக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது; ஜூம் செய்தால் அந்த மங்கலே பெரிதாகும்.

ஆகவே, படம் அனுப்பும் மாணவரிடம் ஆப்ஜெக்டிவ் எண், வட்டத்தின் குறுக்களவு, ஏற்றிய சாயம், ஓரம் வெட்டாத முழுவட்டப் படம் ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். வட்டத்தின் அளவைக் கொண்டு 100 மைக்ரான் கோட்டைத் தங்கள் பக்க வடிவமைப்பாளரே வரைந்துவிடலாம்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர், தஞ்சாவூர்